ஐம்பது நிறுத்தங்கள், வாய் திறக்காமல்

டெகோரா, அயோவா
ஜூன் 14, 2017

அன்புள்ள ஆர்லிஸ்,

நலம்தானே? இங்கே தோட்டத்தில் ருபார்ப் தண்டு மண்டிக் கிடக்கிறது, பறிக்க ஆளில்லை. தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். டுலூத் லைன் எப்போதும் மோசம், ஒரு வார்த்தை விளங்குவதில்லை. அதனால் கடிதம்.

எனக்கு வயிறு எரிகிறது. பறவைக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நம் சாலையில் கிராக்கிள் பறவைகளின் எண்ணிக்கை விழுந்துகொண்டே வருகிறதாம், அதனால் நான் என் காதைச் சோதித்துக்கொண்டால் நல்லதாம். முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு, இந்த வருடம் பத்தொன்பது. அதற்கு நானா பொறுப்பு? இருபத்தெட்டு வருடமாக விடியுமுன் எழுந்து, ஐம்பது நிறுத்தத்திலும் மும்மூன்று நிமிடம் நின்று எண்ணுகிறேன். துருப்பிடித்த கதவு போலக் கத்துகிற கரும்பறவை அது, செத்தவனுக்கும் கேட்கும். சந்தேகம் தீராவிட்டால் கடைசிப் பத்து வருடக் கணக்கைத் தள்ளிவிடுவார்களாம்.

நீதான் வண்டி ஓட்டினாய், நான் சொல்லச் சொல்ல எழுதினாய். என் காதில் ஒரு குறையும் இல்லை என்று நாலு வரி எழுதி அனுப்பு. சீக்கிரம்.

லோவல்


டுலூத், மினசோட்டா
ஜூன் 19

அன்புள்ள லோவல்,

லைன் நன்றாகத்தான் இருக்கிறது. உன் காதுதான் மோசம்.

எழுதுகிறவர் எந்தப் பறவையையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, விரல்கூட நீட்டக் கூடாது என்பது விதி. முதல் வருடமே அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். நான் கண்டிப்பான லூத்தரன் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவள், விதி என்றால் விதி. முப்பத்தோராவது நிறுத்தம் நினைவிருக்கிறதா? வேலிக் கம்பியில், கைக்கெட்டும் தூரத்தில் வெட்டுக்கிளிச் சிட்டு ஒன்று தொண்டை கிழியப் பாடியது. நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வண்டிய எடு" என்றாய். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அன்று மாலையே காதைக் காட்டச் சொன்னேன். நீ செய்தித்தாளைப் புரட்டினாய். ஏழு வருடம் சொன்னேன், ஏழு வருடம் புரட்டினாய்.

உன் காது போனதற்காக நான் உன்னை விட்டு என் தங்கை வீட்டுக்கு வரவில்லை. சுவரோடுதான் பேச வேண்டும் என்றால், பதிலுக்கு முறைக்காத சுவராவது கிடைக்கட்டும் என்றுதான் வந்தேன்.

பொய்க் கடிதம் எழுத மாட்டேன். போய்ச் சோதித்துக்கொள்.

ஆர்லிஸ்


டெகோரா
ஜூலை 2

ஆர்லிஸ்,

நீயும் அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டாய். நல்லது.

கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கும்போது பக்கத்துப் பண்ணை டர்வுட் சொல்கிறான்: "அந்தக் கருப்புச் சனியனுங்க தொலைஞ்சா நல்லதுதானேய்யா? என் மக்காச்சோளம் பொழச்சுது. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே!" அவன் வீட்டுக் காற்றுத்தடுப்பு மரங்களில் மட்டும் ஒரு காலத்தில் நாற்பது கூடு இருந்தது. இப்போது மரமும் இல்லை.

உன்னைப் பொய்யாக்கத்தான் சோதனைக்குப் போனேன். மெல்லிய உயர்ந்த சத்தம் எதுவுமே எனக்குக் கேட்கவில்லையாம். இப்போது இரண்டு காதிலும் கருவி. குளிர்பெட்டி முனகுகிறது, படிக்கட்டு கத்துகிறது. நான் சூப் குடிக்கும் சத்தம் எனக்கே சகிக்கவில்லை. இத்தனை வருடம் எப்படி எதிரே உட்கார்ந்தாய்?

ஆனாலும் ஒன்று சொல்லட்டுமா? மருத்துவரிடமிருந்து சந்தோஷமாகத்தான் வந்தேன். நான்தான் செவிடு, பறவைகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன என்று நினைத்தேன். நேற்று கணக்குக்கு வெளியே, எனக்காக மட்டும், மொத்தச் சாலையும் போய்வந்தேன். முப்பத்தொன்றில் உன் சிட்டு பாடியது. ஐம்பதிலும் சேர்த்து கிராக்கிள் பதினேழு.

கருவி சரியில்லை போலிருக்கிறது. மாற்றித் தரச் சொல்லப் போகிறேன்.

லோவல்


டுலூத்
ஜூலை 8

அன்புள்ள லோவல்,

கருவியை மாற்றாதே. அது சரியாகத்தான் இருக்கிறது.

இதோடு ஒரு கட்டு துண்டுச்சீட்டுகளை அனுப்புகிறேன். மளிகைச் சீட்டுகளின் பின்பக்கம், பென்சில் புள்ளிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீ உன் கணக்கைச் சொல்லி முடித்த பிறகு, நான் கேட்டதை எனக்காகக் குறித்துக்கொண்டேன். பேச விடாவிட்டால் வேறென்ன செய்வது? விதியில் இதற்குத் தடை இல்லை, பார்த்துவிட்டேன்.

சிட்டுகளில் பாதியை நீ விட்டிருக்கிறாய். ஆனால் கிராக்கிளின் குரல் கரகரப்பு, தணிவு. அது உன் காதுக்கு அதிகம் தப்பவில்லை. 2009இல் நீ எண்ணியது அறுபத்துநாலு, நான் எண்ணியது அறுபத்தாறு. நான் கடைசியாக வந்த 2015இல் நீ இருபத்தேழு, நான் இருபத்தெட்டு.

சீட்டுகளை அந்தப் பெண்ணுக்கு அனுப்பு. கணக்கைத் தள்ள மாட்டார்கள். நீ சரியாகத்தான் எண்ணினாய், லோவல், பறவைகள்தான் போய்விட்டன. அதை உனக்குச் சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை.

ஆர்லிஸ்


டெகோரா
ஜூலை 27

அன்புள்ள ஆர்லிஸ்,

அனுப்பினேன். இன்று பதில் வந்தது: கிராக்கிள் கணக்கு பத்து வருடமும் நிற்கும். சிட்டுகளின் கணக்கில் மட்டும் சந்தேகக் குறி போடுகிறார்கள், அது நியாயம்தான். ஜெயித்துவிட்டேன். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தப்பாக இருக்க ஆசைப்பட்டேன், அதுவும் நடக்கவில்லை.

இனி நான் எண்ணப்போவதில்லை. கருவி மாட்டினால் அது புதிய காதாம், புதிய கணக்குத்தான் தொடங்க வேண்டுமாம். அப்படியானால் அந்தப் புதிய காது உன்னுடையதாகவே இருக்கட்டும். அடுத்த ஜூனில் நீ எண்ணு. நான் வண்டி ஓட்டுகிறேன், நீ சொல்வதை எழுதுகிறேன். ஐம்பது நிறுத்தத்திலும் வாய் திறக்க மாட்டேன். நீ சிரிப்பது தெரிகிறது. சிரி.

ருபார்ப் முற்றிவிட்டது. ஆனாலும் நாலு தண்டு உனக்காக உறையவைத்திருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். கூப்பிடு. லைன் சரியாகிவிட்டது.

லோவல்