தையலுக்கு விட்ட இடம்

ஜனவரி 8

அண்ணி இன்று பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பம் போட்டார். மற்ற பாடங்கள் முதல் தடவையிலேயே தேறிவிட்டன. கணக்கு மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறார். மேற்பார்வையாளர் மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டுமாம். இல்லையென்றால், கத்தரியை எந்தக் கையில் பிடிப்பது என்று அண்ணியிடமே கேட்கப்போகும் யாராவது வந்து அதில் உட்காருவார்.

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவன். ஊரார் பிழையைத் தேடியே இருபது வருடம் சோறு தின்றவன். என்னைவிடத் தகுதியானவன் யார்?

ஜனவரி 19

இயற்கணிதம். ஒரே சமன்பாட்டைப் பதினொரு முறை போட்டார். பத்து முறை தவறு. ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம், முதல் வரியிலிருந்து.

"பிரிச்சுத் தைக்காத தையல்காரி உண்டா தம்பி?"

ஒரு பெருமூச்சுகூட இல்லை. வீட்டுக்கு வேண்டிய பெருமூச்சை நானே விட்டேன்.

பிப்ரவரி 2

இயற்கணிதம் வசப்பட்டது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று அண்ணனிடம் சொன்னேன். தேர்வு என்ற சொல் காதில் விழுந்தாலே காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போகிறவர். போனார்.

பிப்ரவரி 15

அளவியல் தொடக்கம். வாழ்நாளெல்லாம் அளந்த கைக்கு அளவியல் வரவில்லை. பரப்பளவு எல்லாமே தவறு.

பிப்ரவரி 21

இன்றும். சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 27

கத்திவிட்டேன். "சூத்திரம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி அண்ணி விடை தப்பா வருது?" என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாததையும் சொன்னேன். பென்சிலை எறிந்தேன். முனை உடைந்தது.

அண்ணி எழுந்துபோய் எடுத்துவந்தார். சீவினார். என் பக்கத்திலேயே வைத்தார்.

"இன்னொரு கணக்கு குடுங்க தம்பி."

எட்டு மணி நேரம் நின்று வெட்டிவிட்டு வந்த கால்கள் மேசைக்கடியில் வீங்கியிருந்தன. நான் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எனக்கு என்ன வந்துச்சு? யார் மேல கோபம் — அவங்க மேலயா?

பிப்ரவரி 28

அண்ணியின் மகள், ஒன்பதாம் வகுப்பு: "சித்தப்பா, நேத்து நீங்க கத்துனது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சு."

தலை குனிந்தேன். அவள் விடவில்லை.

"தப்பு தப்புன்னுதான் சொல்றீங்க. எப்படி வந்துச்சுன்னு அம்மாவ ஒரு தடவயாவது கேட்டீங்களா?"

இல்லை.

மார்ச் 1

கேட்டேன்.

உருளை. ஆரம் 7, உயரம் 10. வளைபரப்பு 440 வர வேண்டும். அண்ணிக்கு 552. பேனாவை மூடிவைத்துவிட்டு, எப்படி வந்தது என்றேன்.

"சுத்தளவு நாப்பத்தி நாலு, உயரம் பத்து. தையலுக்குப் பக்கத்துக்கு ஒண்ணு விட்டா நாப்பத்தாறும் பன்னெண்டும்."

"தையலுக்கா?"

"பின்ன? இடம் விடாம வெட்டுனா எப்படி மூட்டுறது?"

"அண்ணி... கணக்குல தையல் கிடையாது."

யோசித்தார். "அப்ப இந்த உருளைய யாருமே போட்டுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

இரண்டு வாரமாக விடைக்கு மட்டும் கோடு போட்டிருக்கிறேன். அத்தனை கணக்கிலும் இருந்தது ஒரே பிழை. அதுவும் பிழையில்லை, பதினாறு வருட யோக்கியம். மனக்கணக்காகவே கூட்டிவிட்டதால் தாளில் தடயம் இல்லை. முந்தைய இரண்டு தேர்வுகளிலும் திருத்தியவர்கள் கேட்க முடியாது. நான் எதிரே உட்கார்ந்திருந்தவன்.

மார்ச் 2

நாற்பது கணக்கு. முப்பத்தெட்டு சரி. சிவப்புப் பேனா வாங்கவில்லை.

ஏப்ரல் 6

தேர்வு முடிந்தது. வாசலில் காத்திருந்தேன்.

"ஒரு கூம்பு வந்துச்சு தம்பி. கை துறுதுறுன்னுச்சு. தையலுக்கு இடம் விடலியே!"

மே 20

ஐம்பத்தெட்டு. தேர்ச்சி! நான் அழுதேன், தூசி என்று சொல்லிக்கொண்டேன். அண்ணி ஏப்ரல் கேள்வித்தாளை எடுத்துவைத்து, மிச்சம் நாற்பத்திரண்டு எங்கே போனது என்று தேட உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 11

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள் ஆகிறது. உட்கார்ந்து என்பது பேச்சுக்கு. வெட்டுமேசையருகே நின்றபடி, புதிதாக வந்த பெண்ணுக்கு இன்று காலர் வெட்டக் காட்டினாராம். பதினொரு தடவை.

எங்கள் அலுவலகத்திலும் புதியவர் ஒருவர். ஒரே பிழையை நாலு இடத்தில் விட்டிருந்தார். "எப்படிப் படிச்சீங்க, சொல்லுங்க" என்றேன். என் குணம் தெரிந்த பக்கத்து மேசைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மாலையில் அண்ணி ஒரு பொட்டலம் நீட்டினார். தானே வெட்டித் தைத்த சட்டை. போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கியது, கை விரலைத் தொட்டது.

"கொஞ்சம் லூசா இருக்கே அண்ணி."

"சீருடை வெட்டுற கையாச்சே? வளர்றதுக்கு விட்டுத்தான் வெட்டும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. பிடித்துத் தைக்கச் சொல்லவில்லை.