காலியாக விட்ட கட்டம்

அன்பு மகளுக்கு,

நான் நலம். உன் அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், அதை நலம் என்று வைத்துக்கொள்வோம். நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகுகிறது, அப்பா கண்டும் காணாமல் போகிறார். அவர் அப்படிப் போகிறவர் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சான்றிதழ் இல்லாதவர்கள் இனி ஆய்வுக்கூடக் கருவிகளைத் தொடக்கூடாது என்று எங்கள் கல்லூரியில் விதி வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே மைக்ராஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பவர் அப்பா. விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், வரைவைத் திருத்தியதே நான்தான். போன வருஷம் எவனோ ஒருவன் லென்ஸைத் தேய்த்துப் பாழாக்கினான், அவனை நினைத்து எழுதினேன். வீட்டில் இருப்பவர் நினைவுக்கே வரவில்லை. பழைய ஆட்களுக்கு ஒரு வழி வைத்திருந்தோம், வேலையை நேரில் அறிந்த பேராசிரியர் ஒருவர் கையெழுத்திட்டால் போதும். அப்பா விண்ணப்பம் முழுக்க நிரப்பி, அந்தக் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என்ன மேடம், வீட்டுலயே பேராசிரியர வச்சுக்கிட்டு சாருக்கு ஒரு கையெழுத்துக்கா பஞ்சம் என்று எழுத்தர் சிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். உன் ஆராய்ச்சிப் புத்தகத்துல டீ கொண்டு வந்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கே, என் பேரு இல்ல, அப்பத் தெரியாத வேலை இப்ப எப்படித் தெரியும்னு போடுவே என்றார். கோபமே இல்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் மைக்ராஸ்கோப் ஓரிடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதன் குமிழைத் திருப்பிப் பார்த்து, உள்ள சக்கரத்துப் பல்லு தேஞ்சிருக்கு என்று சொல்லி, ஒரே மதியத்தில் சரிசெய்தார். நான் நன்றி எழுதியது கம்பெனி பொறியாளருக்கு. படிக்காதவர் கைவைத்தது என்று தெரிந்தால் என் முடிவுகளைச் சந்தேகிப்பார்களோ என்று பயம். இப்போது அப்பா இதைச் சொன்ன மறுநாளே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு எடுத்துப் போனேன். கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கெடு வைத்ததும் நாங்கள்தான்.

நீ படிப்பைப் பாதியில் விட்டு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்ததிலிருந்து, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று ஒவ்வொரு போனிலும் கேட்டிருக்கிறேன். இனி கேட்க மாட்டேன்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. தெரிந்த வேலையைத் தெரியும் என்று சொல்லக் கூசாதே. மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய்து வேலையில் ஏதாவது சந்தேகம் கேள். ஒப்புக்குக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். உனக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா