டுவைட் கேட்ட பிட்சர்

டுவைட்,

வாழ்த்துகள். "முதலிடத்துல இருந்தா போதுமாய்யா? கீழ்அணியில வளர்ற பொடிப்பசங்களைத் தள்ளிவிட்டு, பந்து வீச ஒரு பெரிய பிட்சரை வாங்குங்கய்யா!" என்று ரேடியோவின் பேஸ்பால் நிகழ்ச்சிக்குப் போன் போட்டுக் கத்தினாயே, வாங்கிவிட்டார்கள். பதிலுக்கு வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிட்டது யாரைத் தெரியுமா? நம் வீட்டுக் கீழறையில் தங்கிக்கொண்டு கீழ்அணியில் விளையாடும் மாத்தேயோவை. விடியும்போது அவனுக்குப் போன் வந்தது.

ஆட்டப் பருவத்தின் நடுவில் ஜெயிக்கிற அணியைக் கலைக்கக் கூடாது என்றேன். "கறி வெட்டுறவளுக்கு பேஸ்பால் என்னடி தெரியும்?" என்றாய். எங்கள் கறி ஆலையில், ஒழுங்காக ஓடும் வரிசையில் ஆளை மாற்றினால் யாருக்காவது விரல் போகும். அவ்வளவுதான் தெரியும்.

நான் வேலைக்குப் போகிறேன். மதிய விமானத்துக்கு, மேதாவியே, நீயே அவனைக் கொண்டுபோய் விடு. ஃபிரிட்ஜில் கோழி சாண்ட்விச் இருக்கிறது. அவனுக்கு, உனக்கல்ல.

லோர்னா

பி.கு.: நம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பான். வாங்கிக்கொள்ளாதே.