மணிக்கட்டில் ஒரு மிச்சம்

மார்ச் 3
சவரக்கத்தி கைநழுவியது. விழுகிற கத்தியைப் பிடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே பிடித்துத் தொலைத்தேன். வலது கட்டைவிரலடியில் வெட்டு. படிகாரக் கல்லைத் தேய்த்தேன், ரத்தம் நின்றது. வருகிறவர்கள் முகத்தில் கீறினால் அதைத்தானே செய்கிறோம்? அடுத்த நாற்காலிக்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா, "ஆஸ்பத்திரிக்குப் போடி" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 9
விரல் நுனி மடங்கவில்லை. வீக்கம்தான். வீக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 27
வீக்கம் வடிந்துவிட்டது. விரல் மடங்கவில்லை. கத்தரி வளையத்துக்குள் குச்சி மாதிரி நிற்கிறது. பயமாக இருக்கிறது. பதினாறு வருஷமாக முடி வெட்டுகிறேன் — எனக்கு வேறென்ன தெரியும்?

ஏப்ரல் 2
கை டாக்டர் திட்டினார். "தசைநார் அறுந்திருக்கு. அன்னிக்கே வந்திருந்தா தைச்சிருப்பேன். இப்ப முனை சுருங்கிப்போச்சு, ஒட்டுப்போட வேற நார் வேணும்."

மணிக்கட்டில் ஒரு நார் உண்டாம். மரத்தில் தொங்கி வாழ்ந்த முன்னோருக்கு உதவியதாம். நமக்கு வேலையில்லாத மிச்சம். எடுத்தாலும் பிடி குறையாதாம். "நாம எங்கேருந்து வந்தோம்கிறதுக்கு உங்க கையே சாட்சி" என்றவர், என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "சிலருக்கு அது இருக்காது" என்றார்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறு போல் எழும்ப வேண்டும். என் இடது கையில் இல்லை. வலதில் ஏதோ மெலிதாக, திறந்தால்தான் தெரியுமாம். இல்லையென்றால் காலில் வேறு நார் தேடுவாராம்.

வீட்டில் அக்கா மடக்கிப் பார்த்தாள். இரண்டு கையிலும் இல்லை! ஒரே ரத்தம்தானே நாங்கள்?

"அப்ப குரங்குக் கதை நெசமாடி?"

"நீ எப்பவோ எறங்கிட்டே. நான்தான் பாதி மரத்துல தொங்குறேன்."

சிரித்தோம். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 10
நாளை ஆபரேஷன். ஏ நாரே, இருந்து தொலையேன். இத்தனை காலம் சும்மா இருந்தாயே, ஒருநாள் வேலைக்கு வா.

ஏப்ரல் 12
இடது கையால் எழுதுகிறேன். இருந்தது. நூலளவுதான். போதுமாம்.

மே 6
அசையவில்லை. நார் உள்ளே சதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதோ? ஐயோ.

மே 23
நெல்லளவு அசைந்தது. அக்காவும் பார்த்தாள்.

ஜூலை 18
மறுபடி கடைக்குப் போனேன். இரண்டாவது ஆளுக்கு வெட்டும்போது கத்தரி நழுவியது. கை தானாக நீண்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கத்தரி தரையில் விழுந்தது. குனிந்து, கட்டைவிரலை மடக்கி, இரண்டு விரலால் எடுத்தேன்.

அக்கா சீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மரத்துலேருந்து எறங்கிட்டியா? சரி, வேலையப் பாருடி" என்றாள்.