பாப்பா போட்ட முடிச்சு

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பிறந்தநாளுக்கு அட்டை செய்யச் சொல்லிக் காகிதமும் கிரேயானும் கொடுத்தேன். பாப்பா அதை விட்டுவிட்டு, என் சுங்குடித் துணியில் ஒரு துண்டை எடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் கட்டுவதைப் போலவே நூலால் முடிச்சுப் போட்டு, மீந்த சிவப்புச் சாயத்தில் முக்கினாள். கை இரண்டும் இன்னும் சிவப்பு.

முடிச்சைப் பிரித்தால்தானே உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியும்? காய்ந்ததும் பிரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அவுக்காதம்மா! அப்பாதான் அவுக்கணும்."

"சரி, திருப்பூருக்குத் தபால்ல போட்டுடுறேன்."

"அங்கன அவுத்தா நான் எப்புடிப் பாக்குறது?"

அவள் பள்ளிக்கூடம் போனதும் விரலால் தடவிப் பார்த்தேன். இருபத்தொரு முடிச்சு. மூன்று கூட்டமாகப் போட்டிருக்கிறாள்: இரண்டு கூட்டம் ஒட்டி, ஒன்று மட்டும் மூலையில் தள்ளி. ஆட்களா, வீடா, மயிலா? பத்து வருடமாக முடிச்சுப் போடுகிறவள் நான், எனக்கே பிடிபடவில்லை.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

முடிச்சு ரொம்ப இறுகிக் கிடக்கிறது. நகம் வெட்டாமல் வாருங்கள்.

பாப்பாவின் அம்மா