சளிதானே என்று இருந்தோம், கதிரு

என் ராசா கதிரு,

உன் தம்பி நடக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, வாசலில் காயும் வலை வரைக்கும் போய்விடுகிறான். இதை முதலில் உனக்குத்தானே சொல்ல வேண்டும்?

போன மழைக்காலத்தில் உனக்குச் சளி பிடித்தது. புதிதா என்ன? அடிக்கடி வரும், மருந்து குடித்தால் போகும். அன்று காலை நான் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கக் கிளம்பியபோது, "பெரிய நண்டா புட்சினு வாம்மா" என்றாய். திரும்பி வந்து பார்த்தால், மூச்சு விடும்போதெல்லாம் உன் விலா உள்ளே குழிந்தது. உன் நைனா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்கு ஓடினார். நம் பசியாவரம் தீவிலிருந்து கரை சேர்ந்து ஆம்புலன்ஸ் ஏறும் வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வைரஸ் ஒரே நேரத்தில் உன் நுரையீரலில் இறங்கிவிட்டதாகச் சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு விளையாடப் போகிற வைரஸ்களாம். உனக்கு மட்டும் ஏன்?

டாக்டரம்மாவுக்கும் அதே கேள்வி. உன் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "உங்க அம்மா வீட்டுப் பக்கம் ஆம்பளைப் பிள்ளைங்க யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" என்று கேட்டார். என் அண்ணன் கைக்குழந்தையிலேயே மாந்தம் வந்து செத்துப்போனதாகச் சொன்னேன். எதற்குக் கேட்டார் என்று விளங்கவில்லை.

மறுநாள், நைனா டீ வாங்கப் போன நேரத்தில் நீ போய்விட்டாய். டீயோடு வந்து நின்ற மனிதருக்கு நான் என்ன சொல்வேன்?

உன் காரியம் முடிந்த பிறகு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. நோயை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உனக்குக் குறைவாம். அது தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருமாம். என் வழியாக! என்னை ஒன்றும் செய்யாத ஒன்று உன்னை எப்படிடா கொன்றது? போனை நைனாவிடம் நீட்டிவிட்டேன்.

"சின்னவனையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

"அவனுக்கு இன்னாம்மா? நல்லா சிரிச்சினு கீறானே" என்றார் நைனா.

"நல்லா இருக்கும்போதே பாத்துடணும்."

அவனுக்கும் அதேதான் கதிரு.

இப்போது மாதாமாதம் அவனுக்கு நோய் எதிர்ப்பு மருந்து ஏற்றுகிறார்கள். இந்த மழையில் அவனுக்கும் சளி. மூச்சு வேகமானதுமே தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடியும் இரண்டு வைரஸ் என்றார்கள். ஆனால் ஆக்சிஜன் வைத்ததில் இவன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

"பெரியவன் தம்பியக் காப்பாத்தி வுட்டுட்டுப் போயிட்டான்" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. அது உன் வேலையா? பால்பல்கூட விழாத பிள்ளையடா நீ.

தம்பிக்காக நீ செத்தாய் என்று அவன் காதில் யாரையும் போட விடமாட்டேன். ரசம் சோறு என்றால் உனக்கு உயிர், தெலுங்குப் பாட்டுக்குத்தான் ஆடுவாய், இடி இடித்தால் என் புடவைக்குள் புகுந்துகொள்வாய் என்று சொல்லி வளர்ப்பேன். இது சத்தியம்.

இன்றைக்கும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளாகவே இருக்கும்
உன் அம்மா