பின்சக்கரமும் மஸ்கட்டும்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒட்டுவதா மாற்றுவதா என்று கேட்டார். ரப்பர் சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறியது. டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். செலவுக்கு யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் நாம் இருவரும் குரோம்பேட்டையில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். தாம்பரத்தில் அடுத்தடுத்த வீடு. உன் மோட்டார் சைக்கிளில்தான் தினமும் போய் வருவோம். உனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தபோது, அந்த வண்டியை விற்றால்தான் ஏஜெண்டுக்குக் கட்ட முடியும் என்ற நிலை. திங்கட்கிழமை காலைக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். பெருங்களத்தூரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் ஞாயிறு மதியத்துக்கு மேல் வந்து, பணம் கொடுத்து வண்டியை எடுத்துப்போவதாக ஏற்பாடு. அன்று காலை மாதா கோயிலிலிருந்து நீ திரும்பி வரும்போது பின்சக்கரம் பஞ்சர்.

இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஒட்டு. டயரும் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. ஒட்டினால் ஒரு வாரமும் ஓடும், ஒரு வருஷமும் ஓடும், என்னால் உறுதி சொல்ல முடியாது, மாற்றிவிடுங்கள் என்றார். நானும் அதையே சொன்னேன். புது டயருக்கு நான் கொடுக்கிறேன், மஸ்கட் போய் அனுப்பு என்றேன். நீயோ குந்தி உட்கார்ந்து, சாவியைத் தொலைத்தவன் போல டயருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாய்.

"ஒட்டினா போதும் மச்சான்," என்றாய். சரி, விற்கப்போகிற வண்டிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு வாத்தியார் வந்தார். வந்ததுமே, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பணத்தைக் கைமாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. காபி குடித்தார், ஊர்க்கதை பேசினார். நாலேகால் வாக்கில் அவர் பையிலிருந்து கவரை வெளியே எடுத்தபோது நீ வாயைத் திறந்தாய்.

"சார், பின்னாடி டயர் காலையிலதான் பஞ்சர் ஒட்டினது. டியூப்ல ஏற்கெனவே ஒரு ஒட்டு இருக்கு. கடைக்காரர் மாத்தச் சொன்னார், நான்தான் மாத்தல."

கவர் அப்படியே நின்றது. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நீயும் சளைக்கவில்லை. முந்தைய பஞ்சர் பல்லாவரத்தில், அதற்கு முந்தையது வண்டலூரில் என்று தல புராணம் பாடினாய். மணி நாலரையைத் தாண்டியது. இனி ராகுகாலம் முடிய ஆறு மணியாகிவிடும், விளக்கு வைத்த பிறகு தங்கள் வீட்டில் பணம் கொடுக்கும் வழக்கமில்லை, திங்கட்கிழமை பள்ளியில் இன்ஸ்பெக்ஷன், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று கவரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை உன் இடம் வேறொருவருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை சொன்னபடியே வந்தவரிடம், வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லி, இன்னொரு காபி கொடுத்து அனுப்பினாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் உன்னோடு வராமல் மின்சார ரயிலில் போனேன். அந்த டயர் மழைக்காலம் முழுக்க ஓடியது, அது வேறு எரிச்சல்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். உண்மையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றால், புது டயர் போட்டிருந்தால் சொல்வதற்கே ஒன்றும் இருந்திருக்காதே. என் பணம் வேண்டாம் என்ற ரோஷமா? என் சட்டையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு என்ன ரோஷம்? மூன்று மணியிலிருந்து வாய் மூடி இருந்துவிட்டு, நாலேகாலுக்கு ஏன் திறந்தாய்? கணக்குப் போட்டுத்தான் செய்தாயா, தற்செயலா? கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில் சொன்னாய். ஒரு முறை மனசாட்சி, ஒரு முறை மஸ்கட் வெயில். தொண்ணூறுகளில் உன் மகளின் ஞானஸ்நான விருந்தில் மறுபடி பிடித்தேன். என் இலையில் இன்னொரு கரண்டி கறியைப் போட்டுவிட்டு நழுவிவிட்டாய்.

உன் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவர் ஏன் மஸ்கட் போகல? எப்பக் கேட்டாலும், 'அது அவனுக்குத்தான் தெரியும், அவனைக் கேளு'ன்னு உங்களைத்தான் கைகாட்டுவார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க, நீ அவளிடம் என்னைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

"உன்னைக் கட்டிக்கத்தாம்மா இருந்துட்டான்," என்றேன்.

அப்போது நீ அவளைப் பார்த்ததுகூட இல்லை. கல்யாணப் பேச்சு வந்ததே அடுத்த வருஷம்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உன் வீட்டில் அந்த மாதத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று உன் மகள் பிறகு சொன்னாள்.

உனக்கே காரணம் தெரியாமல் இருந்ததோ என்றும் இப்போதெல்லாம் தோன்றுகிறது. கேள்வி என்னிடமே இருக்கிறது, தினமும் புரட்டிப் பார்க்கிறேன். ஆனால் அவளிடம் சொன்ன பதிலை மாற்றிச் சொல்லப் போவதில்லை. அது பொய் என்றால், நீயே வந்து சொல். வந்தால் போதும்.